முதுகுப் பக்கம் திறக்கும் கவசம்

மேற்குத் தாம்பரம்,
8-1-1967, ஞாயிறு.

அன்புள்ள அக்கா,

புதன்கிழமை அப்பாவோடு உன் ஆஸ்பத்திரி கேட் வரைக்கும் வந்தேன். வாட்ச்மேன் வயதைக் கேட்டார். பதினாலு என்றேன். பதினைந்து முடியாத யாரையும் வார்டுக்குள் விடமாட்டார்களாம். அப்பா மட்டும் உள்ளே போய் உன்னைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பதினைந்து என்று ஏன் சொல்லவில்லை என்று அவர்கள் கேட்கவே இல்லை. ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரும்வரை பஸ்ஸில் நானேதான் என்னைக் கேட்டுக்கொண்டு வந்தேன். என் பிறந்தநாள் ஆகஸ்டில். அதுவரை நமக்குக் கடிதம்தான்.

ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு ஞானசௌந்தரி டீச்சர் ஒரு சரித்திர நாடகம் எழுதியிருக்கிறார்கள். முற்றுகையில் அகப்பட்ட ஒரு கோட்டைத் தளபதி, கடைசிக் காட்சியில் தன் கவசத்தைத் தானே கழற்றி எதிரி ராஜாவின் முன்னால் வைத்துவிட்டு, "இப்போது பேசுவோம்" என்கிறான். தளபதி யார் தெரியுமா? முடிச்சூரிலிருந்து வரும் பொன்னியம்மாள். எங்கள் வகுப்பிலேயே உயரம் அவள்தான். கவசம் செய்யும் பொறுப்பு எனக்கு.

அப்பா தான் வேலை பார்க்கும் லைப்ரரியிலிருந்து கழித்துப்போட்ட பைண்டிங் அட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமாக இருநூற்றுப் பன்னிரண்டு தகடு வெட்டி, வெள்ளி பெயிண்ட் அடித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் ஆறு துளை. இந்த வகைக் கவசத்தில் தகடுகளைத் துணிமேல் தைப்பதில்லை அக்கா. ஒன்றோடொன்று நாடாவால் கோர்த்துக்கொண்டே போகவேண்டும். துணியே கிடையாது, எல்லாம் கோர்வைதான். திறப்பை என் கவுனில் இருப்பதுபோல் முதுகுப் பக்கம் வைக்கப்போகிறேன். உனக்குத் தையல் தெரியுமே, சரியா என்று சொல்.

உன் கடிதம் வந்தால் ராத்திரி ஜெபம் முடிந்ததும் நான்தான் சத்தமாக வாசிப்பேன். அம்மாவுக்கு இன்னும் கண்ணாடி வாங்கவில்லை. அதனால் அம்மா சந்தோஷப்படும்படியும் இரண்டு வரி எழுது.

உன் தங்கை,
தபீதாள்.

*

பெண்கள் வார்டு, கட்டில் 11,
15-1-1967.

அன்புள்ள தபீ,

பென்சிலில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. மல்லாந்து படுத்து, அட்டையை முகத்துக்கு மேலே பிடித்து எழுதுகிறேன். பேனா மையை மேலே ஏறச் சொன்னால் ஏறமாட்டேன் என்கிறது.

அம்மாவுக்கு: நன்றாகச் சாப்பிடுகிறேன். முட்டை தருகிறார்கள். ஊசி முடிந்தது, இப்போது மாத்திரைதான்.

உன் கவசத்துக்குத் திறப்பு எங்கே என்று என்னிடமா கேட்கிறாய்? முதுகெலும்பில் டி.பி. என்று கக்கத்திலிருந்து இடுப்புவரை எனக்குப் போட்டிருக்கும் மாவுக்கட்டுக்குத் திறப்பே கிடையாது. ஏழு மாதமாக நான் ஒரு சுண்ணாம்புக் குழாய்க்குள் இருக்கிறேன். உள்ளே அரித்தால் பக்கத்துக் கட்டில் எல்லம்மா ஒரு நீள ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்துவிடுகிறாள். போன வாரம் ஒரு எறும்பு உள்ளே போய்விட்டது. நான் துடித்த துடிப்பைப் பார்த்து, "இன்னா பாப்பா, அதுக்கு மட்டும் வயி தெரிஞ்சிது பாரு" என்றாள். சிரித்தால் வலிக்கிறது. சிரித்தேன்.

மார்ச் கடைசியில் ரம்பம் வைத்து அறுப்பார்களாம். அதற்கப்புறம் ஒரு வருஷம் இரும்புப் பட்டை வைத்த தோல் ஜாக்கெட். அதைச் செய்யும் தனசிங் அண்ணன் எல்லம்மாவுக்கு அளவெடுக்க வந்தபோது ஒன்று காட்டினார். முதுகில் மேலிருந்து கீழே பதினாலு ஜோடித் துளை, பூட்ஸ் மாதிரி கயிறு. கயிற்றை இன்னொருவர்தான் இழுத்துக் கட்டவேண்டும்.

உன் கவுனை யார் போட்டுவிடுகிறார்கள் என்று யோசித்தாயா?

ரத்தினா.

*

மேற்குத் தாம்பரம்,
29-1-1967.

அன்புள்ள அக்கா,

நீ கேட்டது வெள்ளிக்கிழமைதான் எனக்குப் புரிந்தது. ஒத்திகையில் பொன்னியம்மாளுக்குக் கவசம் மாட்டி, முதுகில் ஒன்பது முடிச்சும் நானே போட்டேன். ரொம்பக் கம்பீரமாக இருந்தாள். கடைசிக் காட்சி வந்தது. கவசத்தைக் கழற்றவேண்டும். கையைப் பின்னால் விட்டாள், எட்டவில்லை. மேலே வழியாக விட்டாள், எட்டவில்லை. எதிரி ராஜாவுக்கு முன்னால் இரண்டு சுற்றுச் சுற்றினாள், வாலைப் பிடிக்கப் பார்க்கும் நாய்க்குட்டி மாதிரி. அப்புறம் என்னைப் பார்த்து, "இன்னாடீ இது, எலிப்பொறியாட்டம் கீது! உள்ள வர்றதுக்குத்தான் வயி வெச்சிகிறியா?" என்று கத்தினாள். டீச்சர்கூடச் சிரித்துவிட்டார்கள். அதற்குள் மணி அடித்துவிட்டது. கவசத்தோடேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டாள்.

நேற்று அப்பா என்னை லைப்ரரிக்குள் விட்டார்கள். பெரிய புத்தகம் ஒன்றில் கவசத்துக்கே முப்பது பக்கம் இருக்கிறது. மூடுவதற்கு எத்தனை விதம் தெரியுமா! குதிரைவீரர்கள் சிலருடையது கோட்டு மாதிரி நெஞ்சில் திறக்கிறது. சிலது முன் ஒரு பலகை, பின் ஒரு பலகை. தோளில் வார், இரண்டு விலாவிலும் கட்டு. ஜப்பானில் உடம்பைச் சுற்றி ஒரே துண்டாக வந்து வலது அக்குளுக்குக் கீழே சேருகிற ஒன்று இருக்கிறது. வில் பிடிப்பவனுக்கு இடது பக்கம்தான் எதிரியைப் பார்த்து நிற்கும், அதனால் திறப்பு வலது பக்கம். முதுகில் திறக்கிறதும் அங்கே உண்டு. ஆனால் அந்த இடுக்கை மறைக்கத் தனியாக ஒரு பலகை மாட்டுவார்களாம். அதற்குக் கோழைப் பலகை என்று பெயர். முதுகைக் காட்டுகிறவனுக்குத்தானே அது வேண்டும்!

இன்னொன்று. நிறையக் கவசங்களில் முடிச்சே இல்லை. விரல் நீளத்தில் ஒரு கட்டை, நடுவில் கயிறு. அதை எதிர்ப்பக்கத்து வளையத்துக்குள் நுழைத்துத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். ஒற்றைக் கையால் செய்யலாம்.

எல்லாவற்றையும் படம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

தபீதாள்.

*

கட்டில் 11,
3-2-1967, வெள்ளி.

அன்புள்ள தபீ,

அம்மாவுக்கும் அப்பாவுக்கும்: காய்ச்சல் இல்லை. எடை நாலு பவுண்டு கூடியிருக்கிறது, மாவுக்கட்டையும் சேர்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வந்து ஜெபித்தார். விழுப்புரம் பாசஞ்சர் சத்தத்தை வைத்தே மணி சொல்லிவிடுகிறேன்.

தபீ, இதற்குக் கீழே இருப்பது உனக்கு மட்டும். சத்தமாக வாசிக்காதே.

உன் படங்களைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். டீச்சர் ட்ரெயினிங்குக்கு எனக்குப் போன வருஷம் கிடைத்த இடத்தை இன்னும் வைத்திருக்கிறார்கள். ஹாஸ்டல் வார்டனுக்கு நானே எழுதிக் கேட்டேன். ஜூலையில் வரலாம், ஆனால் குளிப்பது, உடுத்துவது எல்லாம் தன் கையால் செய்துகொள்ள முடிந்தால்தான் ஹாஸ்டலில் சேர்ப்போம் என்று பதில் வந்திருக்கிறது. முதுகில் கயிறு கட்டும் ஜாக்கெட் போட்டால் காலையில் ஒருத்தி கட்டவேண்டும், ராத்திரி ஒருத்தி அவிழ்க்கவேண்டும். வருஷம் முழுவதும் நான் வீட்டில்தான். அதற்கப்புறம் இடம் இருக்காது.

உன் வலது அக்குள் படத்தைத் தனசிங் அண்ணனிடம் காட்டினேன். செய்யலாம், ஆனால் டாக்டர் சொல்லவேண்டும் என்றார். டாக்டரிடம் நான் கேட்பதற்குள் அம்மாவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால், 'நான் இருக்கிறேனே, நான் கட்டிவிடுகிறேன்' என்பார்கள். அது அன்புதான். ஆனால் அந்த அன்புக்குள்ளும் திறப்பு பின்னால்தான் இருக்கிறது.

ரத்தினா.

*

மேற்குத் தாம்பரம்,
8-2-1967.

அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

திங்கட்கிழமை ராத்திரி அப்பா ஜெபத்தை முடித்தார்கள். நான் கவரைக் கிழித்தேன். எப்போதும்போல் முன்னாலேயே பார்த்துக்கொள்ளாமல் வாசிக்க ஆரம்பித்தேன். எடை கூடியதைக் கேட்டு அம்மா சிரித்தார்கள். பாசஞ்சர் வரி வந்தது. அதே மூச்சில், "தபீ, இதற்குக் கீழே இருப்பது உனக்கு மட்டும். சத்தமாக வாசிக்காதே" என்பதையும் சத்தமாக வாசித்துவிட்டேன்.

நிறுத்தினேன். அம்மா, "வாசி" என்றார்கள். அக்கா வேண்டாம் என்கிறாள் என்று அப்பா சொன்னார்கள். "என் பிள்ளை எழுதினதுதானே, வாசிடி" என்றார்கள் அம்மா. எனக்குப் பொய்யாகச் சேர்த்து வாசிக்க வரவில்லை. கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டேன்.

அம்மா எழுந்து பாயை விரித்தார்கள். இன்று காலை பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதினால் நீ மன்னிக்கவேண்டியிருக்கும். அதனால் எழுதவில்லை.

தபீதாள்.

*

கட்டில் 11,
18-2-1967.

தபீதாளுக்கு,

அம்மா வந்தார்கள். டாக்டரைப் பார்த்தார்கள், தனசிங் அண்ணனையும் பார்த்தார்கள். எல்லோருக்கும் செய்வதுபோல் முதுகில்தான் என்று முடிவாகிவிட்டது. டாக்டருக்கும் அதுதான் பிடிக்கிறது. கைக்கு எட்டினால் அரிக்கும்போதெல்லாம் கழற்றிவிடுவார்களாம். தோல் வெட்டியாயிற்று.

அம்மா என் தலையை வாரிப் பின்னல் போட்டுவிட்டு, "ஒரு வருஷம்தானே, அம்மா இல்லையா உனக்கு?" என்றார்கள். இல்லை என்று எப்படிச் சொல்வது?

இனி எனக்கு எழுதுவதென்றால் வெயிலைப் பற்றி எழுது. கவசத்தைப் பற்றி வேண்டாம்.

ரத்தினபாய்.

*

மேற்குத் தாம்பரம்,
10-3-1967, வெள்ளி.

அக்கா,

வெயில் அதிகமாக இருக்கிறது.

எலெக்‌ஷனுக்கு எங்கள் ஸ்கூலை எடுத்துக்கொண்டதால் ஆண்டு விழா பதினெட்டாம் தேதிக்குத் தள்ளிப்போயிற்று. நீ வேண்டாம் என்றாலும் கவசத்தைப் பற்றி எழுதத்தான் போகிறேன். பாதியில் கிழித்துப் போட்டுவிடலாம்.

முதுகுத் திறப்பை ஒரு ஆள் தனியாகப் பூட்டித் திறக்கவே முடியாதா என்று பார்க்க ஆசைப்பட்டேன். முடிந்தால் ஹாஸ்டலுக்கு நீ அப்படியே போகலாமே. புதன்கிழமை அம்மா கடைக்குப் போனதும் அறைக்கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். முதுகு வளையக்கூடாது என்று அப்பாவின் மூன்றடி ஸ்கேலை உள்ளே செருகிக்கொண்டேன். ஒன்பது முடிச்சுக்குப் பதிலாக உன் ஜாக்கெட் மாதிரி ஒரே நாடாவைப் போட்டு, நுனியை இரும்புக் கட்டிலின் காலில் கட்டிவிட்டு முன்னால் நடந்தேன். இறுகியது! வெற்றி என்று கத்தப் போனேன், கத்த மூச்சு வரவில்லை.

திரும்ப அவிழ்க்க முடியவில்லை அக்கா. இழுக்க இழுக்க இறுகியது. குனிய முடியாது. கை பின்னால் போகவில்லை. கட்டிலையும் இழுக்க முடியவில்லை. கதவு நாலடி தூரத்தில் இருந்தது.

அம்மா வந்து கதவைத் தட்டினார்கள். அப்புறம் கொல்லைப் பக்கம் ஓடி ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். கம்பிக்குள் கையை விட்டார்கள். தோள் வரைக்கும் விட்டும் எனக்கும் அந்தக் கைக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தது. கத்தரிக்கோலை எறிந்தார்கள். அது மேஜைக்கு அடியில் போய்விட்டது. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அழுதால் இன்னும் இறுகுகிறது.

"அழாதே, அம்மா இங்கேதானே இருக்கேன்" என்றார்கள்.

"நீங்க அங்கே இருக்கீங்கம்மா. முடிச்சு இங்கே இருக்கு" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. தானாக வந்தது.

அப்பா வேலை முடிந்து வந்து கதவை உடைக்கும்வரை, முக்கால் மணி நேரம், அம்மா கையைக் கம்பிக்குள் நீட்டியபடியே நின்றார்கள். ராத்திரி பார்த்தேன், தோளில் கம்பி அழுந்திய தடம் இருந்தது.

நேற்றும் இன்றும் ஸ்கூலுக்குப் போகவில்லை. நேற்று முழுவதும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்துக் கோர்த்தேன். முதுகை மூடிவிட்டேன். வலது அக்குளுக்குக் கீழே திறப்பு, மூன்று கட்டை, மூன்று வளையம். கட்டைகளைப் பழைய மூங்கில் ஸ்கேலில் வெட்டினேன். இன்று காலை அம்மா வந்து, "இதை நீயே போட்டுக் காட்டு" என்றார்கள். ஸ்கேலைச் செருகிக்கொண்டு தரையில் மல்லாந்து படுத்தேன். அம்மா கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பூட்ட நாலு நிமிஷம். கழற்ற ஒன்றரை. நடுவில் ஒரு வளையம் நழுவியபோது அம்மாவின் கை என் பக்கம் வந்தது. அப்புறம் அவர்களே அதை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

இப்போது மணி பதினொன்று. கவசத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அம்மா கிளம்பிவிட்டார்கள். எங்கே என்று சொல்லவில்லை. எட்டு நாளில் நாடகம் இருக்கிறது என்று நானும் சொல்லவில்லை.

தபீதாள்.

*

கட்டில் 11,
11-3-1967.

அன்புள்ள தபீ,

உன் கடிதம் இன்னும் வரவில்லை, ஆனால் உன் கவசம் வந்துவிட்டது. நேற்று மத்தியானம் அம்மா அதை என் கட்டில்மேல் எடுத்து வைத்ததும் வார்டே எட்டிப் பார்த்தது. "இன்னா பாப்பா, உன்னிய ராஜாவாக்கப் போறாங்களா?" என்றாள் எல்லம்மா.

அம்மா என்னிடம் ஒன்றும் விளக்கவில்லை. தனசிங் அண்ணனைக் கூட்டிவரச் சொன்னார்கள். அவர் உன் கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கட்டையை வளையத்தில் விட்டு எடுத்து, யார் செய்தது என்று கேட்டார். சின்னவள் என்றார்கள் அம்மா. "முதுகில் இன்னும் துளை போடவில்லை அம்மா. அங்கே சேர்த்துத் தைத்துவிட்டால் இரும்புப் பட்டை இன்னும் நன்றாகத்தான் உட்காரும். டாக்டர் சரி என்றால் திங்கட்கிழமை பக்கத்தைத் திறந்துவிடுவேன்" என்றார்.

டாக்டர் வந்தார். பழைய பேச்சேதான். கைக்கு எட்டினால் இந்தப் பெண்கள் கழற்றிவிடுவார்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்து நின்றுகொண்டார்கள். டாக்டரிடம் அம்மா நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

"கழற்றினா அவளே போட்டுப்பா சார். போட்டுக்கத் தெரிஞ்ச பிள்ளை. அவசரத்துக்கு நான் ஜன்னலுக்கு வெளியே நிக்க முடியாது" என்றார்கள்.

டாக்டருக்கு ஜன்னல் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஆனாலும் அவர் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். படுத்துக்கொண்டுதான் கழற்றவேண்டும், குளிக்கவும் துடைக்கவும் மட்டும், தவறினால் மறுபடியும் மாவுக்கட்டு என்று மூன்று தடவை சொன்னார்.

போகும்போது அம்மா, "ட்ரெயினிங் ஸ்கூலில் அரிசி எந்த ரகம் போடுவார்கள்?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். "கேட்டு எழுது" என்றார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், பக்கத்துக் கட்டில்காரியைப் பார்ப்பதுபோல.

ஜன்னல் என்றால் என்ன தபீ?

ரத்தினா.

*

மேற்குத் தாம்பரம்,
19-3-1967, ஞாயிறு.

அன்புள்ள அக்கா,

இதற்குள் என் கடிதம் வந்திருக்கும், ஜன்னல் என்ன என்றும் தெரிந்திருக்கும்.

நேற்று பொன்னியம்மாள் கடைசிக் காட்சியில் வலது அக்குளுக்குக் கீழே கையை விட்டு மூன்று கட்டையையும் திருப்பினாள். டக், டக், டக். கவசத்தைக் கீழே வைத்தாள். "இப்போது பேசுவோம்" என்றாள். அப்புறம் கைதட்டல். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்கள். மேடையிலிருந்து இறங்கியதும் பொன்னியம்மாள், "இப்பத்தான்டீ இது சட்டை" என்றாள்.

இருநூற்றுப் பன்னிரண்டில் எழுபது தகடு வளைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் தொட்டார்கள்?

தபீதாள்.

*

கட்டில் 11,
16-4-1967, ஞாயிறு.

அன்புள்ள அம்மா, அப்பா, தபீ,

இன்று பேனாவில் எழுதுகிறேன். உட்கார்ந்திருக்கிறேன்.

தபீ, இந்தக் கடிதத்தை ஜெபம் முடிந்ததும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாக வாசி. கீழே எதுவும் தனியாக இல்லை.

மார்ச் என்றது தள்ளிப்போய், வியாழக்கிழமைதான் மாவுக்கட்டை அறுத்தார்கள். உள்ளே இருந்த என் தோலைப் பார்த்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது, மீன் செதில் மாதிரி உரிகிறது. வெள்ளிக்கிழமை தனசிங் அண்ணன் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார். பழுப்புத் தோல், முதுகில் இரண்டு இரும்புப் பட்டை, வலது அக்குளுக்குக் கீழே மூன்று வளையம். மூங்கில் உழைக்காது என்று மாட்டுக்கொம்பில் கட்டை செய்திருக்கிறார். எல்லம்மா தனக்கும் அதேபோல் மாற்றிக்கொடுக்கச் சொல்லி அவரோடு சண்டை போடுகிறாள். முதல் நாள் நர்ஸ் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். நேற்று என்னையே செய்யவிட்டார்கள். ஆறு நிமிஷம். தபீயைவிட இரண்டு நிமிஷம் அதிகம். அவளுக்கு அக்குளில் மாவுக்கட்டு உரசிய புண் இல்லையே.

அம்மா, ஹாஸ்டலில் புழுங்கலரிசிதானாம். வார்டன் எழுதியிருக்கிறார்கள்.

இன்று மத்தியானம் எல்லோரும் தூங்கும் நேரத்தில் ஒரு தப்புச் செய்தேன். டாக்டருக்குத் தெரியவேண்டாம், உங்களுக்குத் தெரியட்டும். குளிக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை, அரிக்கக்கூட இல்லை. படுத்துக்கொண்டு மூன்று கட்டையையும் திருப்பித் திறந்தேன். ஃபேன் காற்று விலாவில் பட்டது. நூறு வரைக்கும் எண்ணினேன். யாரும் பார்க்கவில்லை, இன்னும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அப்படியே இருந்திருக்கலாம்.

நூற்றியொன்றில் நானே மூடிக்கொண்டேன்.

உங்கள்,
ரத்தினா.